மணிக்குப் பல் முளைத்த கதை

அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண் எனக்கு. அதனால்தான் அன்றைக்கு அது என் பார்வையில் பட்டது.

மார்கழி மாதம், சனிக்கிழமை காலை. வாசலில் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் பிடித்து, தலையில் பூசணிப் பூவைச் செருகிவிட்டு உள்ளே வந்தேன். மாமியாரின் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தபோது, தூசியோடு தூசியாக வெள்ளையாக ஏதோ உருண்டு வந்தது. நொய்யரிசி என்று ஒதுக்கப் போனவள், என்னவோ தோன்றிக் குனிந்து எடுத்துப் பார்த்தேன். அரிசி இல்லை. பல்!

என் மகளுக்கு ஆறு வயது. அவளுடைய முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது வாஸ்தவம். ஆனால் அது இன்னும் வாயில்தான் இருந்தது. முந்தின ராத்திரிகூட நாக்கால் தள்ளித் தள்ளி எல்லோருக்கும் காட்டினாள். மாமியாருக்குச் சொந்தப் பல் என்று ஒன்றுகூடக் கிடையாது. எனக்கும் என் கணவருக்கும் இருக்க வேண்டியவை இருக்கின்றன. அப்படியானால் இது யாருடைய பல்?

கட்டிலுக்கடியில் கடைசி மூலையில், சுவரோடு ஒட்டிக்கொண்டு எங்கள் மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வால் ஆடவில்லை. அவன் படுத்திருந்த சாக்கில் மிளகு அளவில் இரண்டு ரத்தக் கறைகள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. முந்தின நாள் சாயந்தரம்தான், செய்தித்தாளைச் சுருட்டி அவன் மூக்கிலும் வாயிலும் அடித்திருந்தேன்.

அந்த அரிசி அளவுப் பல் மட்டும் என் கண்ணில் படாமல் போயிருந்தால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மணி எங்கள் வீட்டை விட்டுப் போயிருப்பான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மணி எங்களிடம் வந்தது 2024 அக்டோபரில், ஐப்பசி மழையில். ரேஷன் கடைத் திண்ணைக்குக் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மகள் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். செவலை நிறம், கரிய மூக்கு, ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். பேருக்கு யாரும் யோசிக்கவே இல்லை. நம் ஊரில் நாய் என்றால் மணிதானே!

"வளக்கிறதுன்னா ஒரு ராஜபாளையம் குட்டியா வாங்கி வளக்கணும். தெருவுல கெடந்ததையா?" என்றார் என் கணவர். இராஜபாளையம் நாய்க்கு 2005-ம் வருஷம் அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. அந்த யோகம் எங்கள் மணிக்குக் கிடையாதுதான். ஆனால் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு பேசவில்லை.

மாமியார் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏத்தா, வீட்டுக்குள்ள நாயை விட்டா வெளங்குமா?" என்று அன்றைக்கே ஆரம்பித்தவர், தன் கட்டில் பக்கம் அவன் தலை தெரிந்தாலே கைத்தடியைத் தட்டுவார்.

மறுநாளே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டரம்மா உதட்டை விலக்கிப் பார்த்து, "ரெண்டு மாசம் இருக்கும், பால் பல்லு எல்லாம் வந்திருக்கு" என்றார். பூச்சி மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசியும் போட்டார். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. பால் சோறு தின்பான், தூங்குவான், காலைச் சுற்றுவான்.

கார்த்திகை பாதியில்தான் ஆரம்பித்தது வினை.

முதலில் வாசல் செருப்புகள். பிறகு முறத்தின் விளிம்பு. கோரைப்பாயின் ஓரம். மகளின் பள்ளிக்கூட ஷூவின் நாக்கு. மாமியாரின் கட்டில் கால். நான் நடந்தால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். கையை நீட்டினால் கையைக் கடிப்பான். விளையாட்டுக் கடிதான், ஆனால் பால் பல் ஊசி போல இருக்கும். ஒரு நாள் செல்போன் சார்ஜர் வயரை மென்றுகொண்டிருந்தான். நல்ல வேளை, சுவிட்ச் அணைந்திருந்தது.

ஒரு சாயந்தரம் மகள் அவனோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பந்தை அவன் வாயிலிருந்து பிடுங்கப் போனவளின் சுட்டுவிரலில் பல் இறங்கி ரத்தம் வந்துவிட்டது. அவள் அழுத அழுகையில் மாமியார் எழுந்து ஓடி வந்து, "சுண்ணாம்பை எடுத்து வைத்தா!" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி வைக்கச் சொன்னார்கள். நான் எதையும் வைக்கவில்லை. நேரே குழாயடிக்குக் கூட்டிப்போய், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். பிறகு அரசு ஆஸ்பத்திரி.

"எங்க குட்டிக்குத் தடுப்பூசி போட்டாச்சு டாக்டர்" என்றேன். "தெருவுலேர்ந்து வந்த குட்டி, தாய் யாருன்னு தெரியாது, போட்டதும் ஒரே ஊசி. ரத்தம் வந்திருக்கு. இதுல யோசிக்கவே கூடாதும்மா" என்றார் அவர். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து ஏற்றினார்கள். தடுப்பூசி அன்றைக்கு ஒன்று. பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். குட்டியைப் பத்து நாள் கவனித்து வரச் சொன்னார்கள். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாகளே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் வழக்கொழிந்து இருபது வருஷமாகிறது. இப்போது போடுவது கையில்தான் என்று சொல்லித் தேற்றினேன்.

அன்றைக்கு ராத்திரி என் கணவர் சொன்னார்: "இன்னும் ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, இவன் இங்க இருக்க மாட்டான்."

அந்த இன்னொரு தடவை, மார்கழி முதல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.

மாமியாருக்குக் கார்த்திகையில்தான் புதுப் பல் செட் செய்து போட்டிருந்தோம். ராத்திரி கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டு அலமாரியில் வைப்பார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் டம்ளர் எப்படியோ கட்டிலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்திருக்கிறது. சாயந்தரம் விளக்கேற்ற வந்தேன். டம்ளர் உருண்டு கிடந்தது. நடுக்கூடத்தில் மணி இரண்டு முன்கால்களுக்கும் நடுவில் கீழ்வரிசைப் பல்லை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ கரும்பு கிடைத்த மாதிரி சுகமாக மென்றுகொண்டிருந்தான்!

இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. எவ்வளவு செலவு! மகள் விரலில் வந்த ரத்தம், ஆஸ்பத்திரியில் நின்ற நேரம், கிழிந்த புடவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலைக்கேறியது. மேஜை மேல் இருந்த செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். மூக்கில், வாயில், மறுபடி மூக்கில். அவன் பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, கட்டிலுக்கடியில் ஓடிப் பதுங்கினான். ராத்திரி சோற்றுக்குக்கூட வெளியே வரவில்லை. கை நீட்டிய என்னைப் பார்த்து முதன்முறையாக உறுமினான்.

கணவர் வந்ததும் விஷயம் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. "ஞாயித்துக்கெழமை காலையில மேலூர்ப் பக்கம் நம்ம ஆளு தோட்டத்துல கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார். மகள் அழுதுகொண்டே தூங்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அலுத்துப் போயிருந்தது.

சனிக்கிழமை காலையில் அந்தப் பல் கிடைத்தது. ஒரு தீப்பெட்டியில் அதைப் போட்டுக்கொண்டு, மணியை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். 'நான்தான் பல்லை உடைத்துவிட்டேன்' என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது.

டாக்டரம்மா பல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். "இதுக்கு வேர் இருக்கா பாருங்க. இல்லை. பால் பல்லோட வேர் உள்ளேயே கரைஞ்சு போச்சு. விழ வேண்டிய பல், விழுந்திருக்கு. உங்க அடியால விழலை." நான் மூச்சு விடுவதற்குள் அவரே தொடர்ந்தார்: "ஆனா, வலிச்சுக்கிட்டிருந்த வாயிலதான் அடிச்சிருக்கீங்க."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

அவர் மணியின் உதட்டைத் தூக்கிக் காட்டியபோதுதான் அந்த வாய்க்குள் முதன்முறையாகப் பார்த்தேன். முன்னால் ஈறு சிவந்து வீங்கியிருந்தது. ஒரு பல் விழுந்த இடத்தில் புதுப் பல்லின் நுனி வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பக்கத்துப் பல் விரலால் தொட்டாலே ஆடியது. இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கடிக்கிறான் கடிக்கிறான் என்று நாள் முழுக்கப் புலம்பியவள், அந்த வாயைத் திறந்து பார்க்கவில்லையே!

டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். நம் குழந்தைகளுக்கு 20 பால் பற்கள், நாய்க்குட்டிக்கு 28. பிறந்த மூன்று, நான்கு வாரத்தில் முளைக்க ஆரம்பித்து, இரண்டு மாதத்துக்குள் எல்லாம் வந்துவிடும். ஏறக்குறைய நான்காம் மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கும். பிறகு கோரைப்பற்களும் கடைவாய்ப் பக்கத்துப் பற்களும் விழுந்து முளைக்கும். பால் பல்லில் இல்லாத கடைவாய்ப் பற்கள் பத்து புதிதாக வரும். ஆறு, ஏழு மாதத்துக்குள் மொத்தம் 42 பற்கள். உயர்ந்த ஜாதியானாலும் தெரு நாயானாலும் கணக்கு ஒன்றுதான். நம் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் ஆரம்பித்து ஆறேழு வருஷம் நடக்கிற காரியம், இதற்கு மூன்று நான்கு மாதத்தில் முடிந்தாக வேண்டும். ஒரே சமயத்தில் வாய் முழுக்கப் பல் ஆடினால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்! எதையாவது அழுத்திக் கடித்தால் ஈறுக்கு இதமாக இருக்கிறது, அதனால் கடிக்கிறது. அதன் கண்ணுக்குச் செருப்பும் ஒன்றுதான், பல் செட்டும் ஒன்றுதான். விழுகிற பற்களில் பெரும்பாலானவற்றைச் சோற்றோடு விழுங்கிவிடும். அதனால்தான் பல பேர் வீட்டில் நாய்க்குட்டிக்குப் பல் விழுவதே தெரிவதில்லை. விழுங்கினால் ஒன்றும் ஆகாது.

"கடிக்கிறதை நிறுத்த முடியாதும்மா. எதைக் கடிக்கணும்கிறதைத்தான் சொல்லித் தர முடியும். அடிச்சீங்கன்னா கைன்னாலே பயம் வந்துரும். பயந்த நாய்தான் பின்னால நெசமாவே கடிக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சரி, வலிக்குது. அதுக்காக வீட்டையே தின்னக் கொடுக்கணுமா? புள்ளையைக் கடிச்சிருக்கு. நாளைக்கிப் போகட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெற்றவர் கவலை அவருக்கு.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஈறு வலின்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமாப்பா?"

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். மாமியார் பொக்கை வாயோடு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியும். அந்தப் பல் செட்டை மாட்டுன நாள்லேர்ந்து எனக்கு உசுரு போகுது. கீழ ஒரு எடத்துல முள்ளு மாதிரி குத்துது. யார்ட்டச் சொன்னேன்? அம்புட்டுக் காசு போட்டுப் பண்ணிக் குடுத்திருக்க, வலிக்குதுன்னு சொன்னா ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு வாயை மூடிக்கிட்டேன். நேத்து மத்தியானம் தாங்க முடியாமத்தான் கழட்டிப் பெஞ்சு மேல வச்சேன். நாய் வந்து எடுக்கும்னு தெரியாதா எனக்கு? எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும்னுதான் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வாயிருக்கிற நானே சொல்லலை. வாயில்லாச் சீவன், அது எங்க போய்ச் சொல்லும்?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. பதினைந்து நாளாக மாமியார் சோற்றைக் குழைத்துக் குழைத்துத் தின்றதும், முறுக்கை வேண்டாம் என்றதும், வெற்றிலையை மறுபடி சின்ன உரலில் இடித்துக்கொண்டதும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. 'வயசானவங்க வீம்பு' என்று நான் நினைத்திருந்தேன். ஒரு தடவைகூட, "அத்தை, வாயைத் திறங்க, பாக்கலாம்" என்று கேட்டதில்லை.

"ஒரு மாசம் பாப்பம்ப்பா" என்றார் மாமியார். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மணி எங்கும் போகவில்லை. கணவர்தான் போனார், தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம். கீழ்வரிசையைப் புதிதாகச் செய்யக் கொடுத்து, மேல்வரிசையில் உறுத்திய இடத்தை ராவிச் சரிசெய்தார்கள். 'புதுசில் உறுத்தத்தான் செய்யும், புண்ணாகும்வரை பொறுக்கக் கூடாது, உடனே வந்து காட்ட வேண்டும்' என்று டாக்டர் மாமியாரைக் கடிந்துகொண்டாராம். வீட்டில் பெரியவர்கள் பல் செட் போட்டிருந்தால், சகோதரிகளே, நீங்களாகவே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இனி, அந்த ஒரு மாதம் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். குட்டி வளர்க்கிறவர்களுக்கு உதவும்.

முதல் வேலை, வீட்டைத் திருத்தினேன். செருப்புகள் அலமாரிக்குள் போயின. வயர்களெல்லாம் மேலே ஏறின. தையல் பெட்டி, மாத்திரை டப்பா, மகளின் சின்னச் சின்ன பொம்மைகள் எல்லாம் அவன் எட்டாத உயரத்துக்குப் போயின. மாமியாரின் டம்ளர் முதலில் போனது! வாசல் அரளிச் செடியைச் சுற்றித் தட்டி கட்டினோம். அரளியில் எல்லா பாகமும் விஷம்.

அடுத்து, கடிக்க அவனுக்கென்று பொருள்கள். பழைய டர்க்கி டவலில் ஒரு துண்டு கிழித்து, முடிச்சுப் போட்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்பெட்டியில் உறைய வைத்துக் கொடுத்தேன். அந்தக் குளிர்ச்சி ஈறுக்கு அப்படி ஒரு சுகம்! நூல் பிரிகிறதா என்று பார்த்து, பிரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்; நூலை விழுங்கினால் குடலில் சிக்கும். தோல் சீவிய கேரட்டைக் குளிர வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடுப்பேன். கெட்டி ரப்பர் பொம்மை இரண்டு வாங்கினோம். எந்தப் பொருளானாலும் அது முழுசாக வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ரொம்பக் கடினமாகவும் இருக்கக் கூடாது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும் என்று டாக்டரம்மா அடையாளம் சொல்லிக் கொடுத்தார். அதனால் பெரிய ஐஸ் கட்டியும் வேண்டாம்.

பழைய செருப்புதானே என்று கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பழசு எது, புதுசு எது என்று தெரியுமா? சமைத்த கோழி எலும்பு, ஆட்டெலும்பு கூடவே கூடாது. ஊசி ஊசியாகச் சிலாம்பு உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை இரண்டும் ஆபத்து. சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை இவை நாய்க்கு விஷம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் போடும் சைலிட்டாலும் அப்படியே.

மாமியார், "கொஞ்சம் கிராம்புத் தைலம் தடவுத்தா, மரத்துப் போகும்" என்றார். டாக்டரம்மா கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார். ஈறு பொத்துவிடும், நக்கி விழுங்கினால் வயிறும் கெடும். குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது தடவும் மரத்துப்போகிற களிம்பும் கூடாது. நாம் தின்னும் வலி மாத்திரைகளும் அப்படித்தான். இப்யூப்ரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமாலையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

பிறகு, கையைக் கடிக்கும் பழக்கம். இதில்தான் வீடு முழுவதும் ஒரே மாதிரி நடக்க வேண்டியிருந்தது. கையாலும் காலாலும் அவனோடு விளையாடுவதை எல்லோரும் நிறுத்தினோம். பல் தோலில் பட்டால் உடனே விளையாட்டு நிற்கும். சத்தம் கிடையாது, அடி கிடையாது. கையை மடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மரம் மாதிரி நிற்க வேண்டும். அவன் அடங்கியதும் டவல் முடிச்சை நீட்ட வேண்டும். அதைக் கடித்தால், "நல்ல பையன்!" ஏதாவது எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டால் துரத்திப் பிடுங்கக் கூடாது, அவனுக்கு அது விளையாட்டு. அவனுக்குப் பிடித்த வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். மகளை அவனோடு தனியாக விடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். சாயந்தரம் ஆறு மணி வாக்கில்தான் அவன் கடி உச்சத்துக்குப் போகும். தூக்கம் கெட்ட குழந்தை அழுது அடம் பிடிக்கிற மாதிரிதான் அது. நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டிய வயது. வீட்டில் ஆள் நடமாட்டத்தில் தூங்காமலே சுற்றியிருப்பான். மத்தியானம் இருட்டான மூலையில் சாக்கைப் போட்டு, யாரும் தொந்தரவு செய்யாமல் தூங்கவிட்டேன். பாதிக் கடி குறைந்துபோயிற்று.

ஈறில் லேசாக ரத்தம், வாயில் கொஞ்சம் நாற்றம், எச்சில் ஒழுகுவது, மெதுவாகத் தின்பது இவை பல் முளைப்பதன் அடையாளங்கள். சோற்றைக் குழைத்து ஆற வைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, வாந்தி, பேதி, காய்ச்சல் என்றாலோ அது பல் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான் நம்பியதைவிட மெதுவாகத்தான் மணி என்னிடம் திரும்பி வந்தான். முதல் நான்கு நாள் நான் குனிந்தாலே மூலைக்குப் போய்விடுவான். செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டால் நடுங்குவான். நான் தரையில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, குளிர்ந்த கேரட்டைக் கையில் வைத்திருப்பேன். ஐந்தாம் நாள் வந்தான். கேரட்டை எடுக்கவில்லை; முதலில் என் கையை முகர்ந்தான். பிறகு நக்கினான். நான் அழுதுவிட்டேன். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "அது மறந்துருச்சு. நீயும் விடுத்தா" என்றார்.

அந்த மாதத்தில் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இன்னொரு முறமும் போயிற்று. கணவரின் பெல்ட்டும் போயிற்று. அவர் அன்றைக்கு முறைத்தது என்னை, மணியை அல்ல! மகளுக்கு நான்காவது ஊசியும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு மணியின் பல் யார் தோலிலும் ஆழமாகப் படவில்லை. ஆறாம் மாதத்தில் இடது பக்க மேல் கோரைப்பல் விழாமலே பக்கத்தில் புதுக் கோரைப்பல் நீட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஜோடியாக நின்றால் இடையில் சோறு அடைந்து ஈறு கெடும், புதுப் பல்லும் கோணலாகும், சில குட்டிகளுக்கு எடுக்கவேண்டி வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் உடனே காட்டினேன். "ஆட்டம் கொடுத்திடுச்சு, ஒரு வாரம் பாப்போம்" என்றார். நான்காம் நாளே விழுந்தது.

மகளின் பல், மார்கழி கடைசி நாள், போகியன்று காலையில் விழுந்தது. "சாணியில வச்சுக் கூரை மேல எறியணும்த்தா, அப்பத்தான் நல்லா முளைக்கும்" என்று மாமியார் சொன்னார். வாசலில் சாணிப் பிள்ளையாருக்கு வாங்கியது மிச்சம் இருந்தது. மகள் உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தத் தீப்பெட்டி!

"அப்பத்தா, மணி பல்லையும் வைக்கலாம்" என்றாள்.

நாய்ப் பல்லா, என்று மாமியார் ஒரு பேச்சு பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சாணியை இரண்டாகப் பிட்டு, இரண்டு உருண்டை பிடித்தார். எங்கள் வீடு தளம் போட்டது. பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை மேல்தான் எறிந்தோம். மாமியார் புதுப் பல் செட் தெரியச் சிரித்தார். கீழே நின்ற மணி, ஏதோ பந்து போகிறது என்று அண்ணாந்து பார்த்துக் குரைத்தான்.

இப்போது மணிக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. நாற்பத்திரண்டு பல்லும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. எதையும் கடிப்பதில்லை. படுப்பது மாமியாரின் கட்டிலுக்கடியில். வேறு எங்கும் படுத்தால் அவர் கூப்பிட்டுவிடுகிறார். அந்தக் கட்டில் காலில் அவனுடைய பால் பல் தடங்கள் பள்ளம் பள்ளமாக அப்படியே இருக்கின்றன. ஆசாரியைக் கூப்பிட்டுச் செதுக்கி பாலிஷ் போட்டுவிடலாம் என்று கணவர் சொல்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் அந்தக் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது அது என் கண்ணில் பட வேண்டும். யார்மேலாவது கோபம் வந்து கை ஓங்கத் தோன்றினால், முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்கு நினைவு வருகிறது.